கேட்க ஆளில்லாத அதிகாரம்



வரம்பில்லாத அதிகாரம் என்றதும் நம் நினைவுக்கு வருகிறவர் பிரான்சின் பதினான்காம் லூயி. ‘நானே அரசு’ என்று அவர் சொன்னதாகப் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிடுகிறோம். அவர் அப்படிச் சொன்னதற்கு உறுதியான சான்று இல்லை. அவருடைய ஆட்சியும் அந்த வாசகம் காட்டுகிற அளவுக்கு வரம்பற்றதாக இருக்கவில்லை. அரசாணைகளைப் பதிவு செய்யும் உயர்மன்றம் பாரிஸில் இருந்தது. சில மாகாணங்களில் சொந்தச் சபைகள் இருந்தன. வரிக் குத்தகை எடுத்துக் கருவூலத்துக்குக் கடன் கொடுத்தவர்கள் இருந்தார்கள். இவர்களை மிரட்டியும் இவர்களோடு பேரம் பேசியும்தான் அவர் ஆண்டார். ஆகவே லூயியை விட்டுவிட்டு, அதிகம் பேசப்படாத ஒரு நாட்டுக்கு உங்களை அழைத்துப்போகிறேன். மன்னனுக்கு மேல் மண்ணில் யாருமில்லை என்பதை நாற்பது பிரிவுகள் கொண்ட சட்டமாகவே எழுதி வைத்த நாடு அது. டென்மார்க்.

அங்கே 1660 வரை மன்னர் தேர்ந்தெடுக்கப்படுகிறவர். பட்டமேற்கும்போது ஓர் உறுதிப்பத்திரத்தில் அவர் கையெழுத்திட வேண்டும். பிரபுக்களின் ஆட்சிமன்றத்தைக் கேட்காமல் இன்னின்ன காரியங்களைச் செய்ய மாட்டேன் என்பது அதன் சாரம். மூன்றாம் ஃபிரெடரிக் 1648-இல் கையெழுத்திட்ட பத்திரம் மிகக் கடுமையானது. மன்னனைக் கட்டி வைக்கிற நல்ல ஏற்பாடு என்று தோன்றும். ஆனால் கட்டி வைத்தவர்கள் யார்? பிரபுக்கள் மட்டுமே. பெரும் பண்ணைகள் அவர்களுடையவை. வரி மட்டும் மற்றவர்களுடையது.

1657 முதல் 1660 வரை சுவீடனோடு நடந்த போரில் அந்த நாடு அழிவின் விளிம்புக்குப் போய்த் திரும்பியது. கிழக்கு மாகாணங்கள் கைவிட்டுப் போயின. தலைநகரான கோபன்ஹேகன் முற்றுகைக்குள் கிடந்தது. 1659 பிப்ரவரியில் ஓர் இரவு சுவீடன் படை மதிலேற முயன்றபோது அதைத் தடுத்து நின்றவர்களில் கூலிப்படை வீரர்களோடு வணிகர்களும் கைவினைஞர்களும் மாணவர்களும் இருந்தார்கள். மன்னரும் ஊரை விட்டு ஓடாமல் அவர்களோடு இருந்தார். இதை நினைவில் வைத்துக்கொண்டால்தான் பிறகு நடந்தது விளங்கும்.

போர் முடிந்தபோது கருவூலம் காலி. 1660 செப்டம்பரில் பிரபுக்கள், குருமார், நகர வணிகர் என்ற மூன்று வகுப்பாரின் பேரவை கோபன்ஹேகனில் கூடியது. குடியானவர்களுக்கு அங்கே இடமில்லை. புதிய வரியை எல்லாரும் சமமாகத் தாங்க வேண்டும் என்றார்கள் வணிகரும் குருமாரும். பிரபுக்கள் தங்கள் பழைய வரிவிலக்கை விட்டுக்கொடுக்க மறுத்தார்கள். நகரத் தலைவர் ஹான்ஸ் நான்சென், சீலாந்து ஆயர் ஹான்ஸ் ஸ்வானே ஆகிய இருவரும் இன்னொரு யோசனையை முன்வைத்தார்கள். மன்னர் பதவியைப் பரம்பரையாக்கிவிடலாம் என்பதே அது. பதவி பரம்பரையானால் உறுதிப்பத்திரம் தேவையில்லை. பத்திரம் இல்லையென்றால் பிரபுக்களின் பிடி இல்லை. அக்டோபரில் நகர வாயில்கள் அடைக்கப்பட்டன. யாரும் வெளியேற முடியவில்லை. பிரபுக்கள் பணிந்தார்கள். பழைய உறுதிப்பத்திரம் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. அக்டோபர் 18 அன்று அரண்மனைக்கு முன் எல்லா வகுப்பாரும் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்தார்கள். அடுத்த ஜனவரியில் முழு அதிகாரத்தையும் மன்னருக்கே ஒப்படைக்கும் ஆவணம் கையெழுத்துக்காக நாடெங்கும் சுற்றி வந்தது. மூன்று வகுப்பாரும் ஒப்பமிட்டார்கள்.

நண்பர்களே, இந்த இடத்தில் நான் சற்று நின்று பேச வேண்டும். கொடுங்கோலன் ஒருவன் வாளோடு வந்து மக்களின் உரிமையைப் பறித்தான் என்ற கதை நமக்குப் பழக்கமானது. இங்கே நடந்தது வேறு. வரி செலுத்தாத சிறு கூட்டத்தின் மீது நியாயமான கோபம் இருந்தது. அந்தக் கோபத்தைத் தீர்க்கக் கூடியவர் என்று, தங்களோடு முற்றுகையில் கிடந்த ஒரு மனிதரை மக்கள் நம்பினார்கள். அந்தக் கூட்டத்தை அடக்கும் கை வலுவாக இருக்க வேண்டும் என்று கேட்டார்களே தவிர, நாளைக்கு அந்தக் கையைப் பிடித்து நிறுத்துவது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அநீதிக்கு மருந்தாகத்தான் வரம்பற்ற அதிகாரம் அந்த நாட்டுக்குள் வந்தது. பல நாடுகளில் இன்றும் அது இந்த வாசல் வழியாகத்தான் நுழைகிறது.

மருந்து வேலை செய்ததா? பிரபுக்களின் ஆட்சிமன்றம் ஒழிந்தது உண்மை. ஆனால் 1671-இல் கோமகன், பெருமகன் என்று புதிய பட்டங்களை அடுத்து வந்த மன்னர் உண்டாக்கி, அவற்றோடு வரிச்சலுகையையும் வழங்கினார். வகுப்புப் பேரவை மறுபடி கூட்டப்படவேயில்லை. ஆலோசனை சொல்ல மட்டும் உரிமையுள்ள சபைகள் வருவதற்கே 1830கள் ஆயிற்று.

நாற்பது பிரிவுகள் என்று தொடக்கத்தில் சொன்னேனே, அந்த அரசச் சட்டம் 1665 நவம்பர் 14 அன்று கையெழுத்தானது. அதன்படி, மனிதர் இயற்றிய சட்டங்கள் அனைத்துக்கும் மேலானவர் மன்னர்; கடவுளைத் தவிர அவரை விசாரிக்கும் நீதிபதி இல்லை. சட்டம் இயற்றுவதும் மாற்றுவதும் நீக்குவதும் அவர் ஒருவரின் உரிமை. போர், வரி, பதவி நியமனம் எல்லாம் அவருடையவை. அவருக்கு மூன்றே கட்டுப்பாடுகள். லூத்தரன் சமயத்தைக் காக்க வேண்டும். நாட்டைப் பங்கு போடக் கூடாது. இந்தச் சட்டம் தரும் அதிகாரத்தைக் குறைத்துக்கொள்ளக் கூடாது. மூன்றாவதைக் கவனியுங்கள். மன்னரே மனமிரங்கி அதிகாரத்தில் ஒரு பங்கை யாருக்காவது விட்டுக்கொடுத்தாலும் அது செல்லாது. எந்தச் சட்டத்தையும் மாற்றலாம், தான் எதையும் மாற்றலாம் என்கிற சட்டத்தை மட்டும் மாற்ற முடியாது. மக்களின் பெயரால் பெற்ற அதிகாரத்தை விவரிக்கும் இந்தச் சட்டம் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக மக்கள் படிக்க அச்சாகவே இல்லை. 1709-இல்தான் அச்சிட்டார்கள்.

இதற்கெல்லாம் தத்துவம் சொன்னவர்கள் சாதாரணமானவர்கள் இல்லை. பிரான்சில் மதப்போர் நடந்துகொண்டிருந்த 1576-இல் ழான் போதான் இறைமை பிரிக்க முடியாதது என்று எழுதினார். இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர்க் காலத்தில் தாமஸ் ஹாப்ஸ் ‘லெவியதான்’ எழுதி 1651-இல் வெளியிட்டார். ஹாப்ஸை எளிதில் தள்ளிவிட முடியாது. அவருடைய வாதம் இப்படிப் போகும். மனிதர்கள் தங்கள் தங்கள் நியாயத்தைத் தாங்களே தீர்த்துக்கொள்ளப் புறப்பட்டால் ரத்த ஆறுதான் ஓடும். ஆகவே எல்லாரும் தங்கள் உரிமையை ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். அவரை விசாரிக்க இன்னொருவரை வைத்தால் அந்த இன்னொருவர்தான் உண்மையான ஆட்சியாளர் ஆகிவிடுவார். அவரை விசாரிக்க யாரை வைப்பது? எங்கேயாவது ஓரிடத்தில் கேள்வி நின்றாக வேண்டும். அச்சத்தில் வாழ்ந்த மனிதர் அச்சத்தோடும் நேர்மையோடும் யோசித்த முடிவு இது. கோபன்ஹேகன் வணிகர்களும் இந்த வழியில்தான் யோசித்திருப்பார்கள்.

இந்த வாதம் எங்கே உடைகிறது என்பதை இரண்டு மனிதர்களின் வாழ்க்கையில் பார்க்கலாம்.

அரசச் சட்டத்தை எழுதியவர் பேதர் ஷூமாகர். கோபன்ஹேகன் மதுவணிகர் ஒருவரின் மகன், கூர்மையான அறிவாளி. அடுத்த மன்னர் ஐந்தாம் கிறிஸ்தியான் அவருக்குக் கிரிஃபன்ஃபெல்ட் என்ற பெயரும் கோமகன் பட்டமும் தந்து, நாட்டின் உச்சப் பதவிக்கு உயர்த்தினார். 1676 மார்ச்சில் மன்னரின் மனம் மாறியது. கிரிஃபன்ஃபெல்ட் கைதானார். மரண தண்டனை விதிக்கப்பட்டது. கொலைமேடையில் அவர் மண்டியிட்டிருந்தபோது, தண்டனையை ஆயுள் சிறையாகக் குறைத்த ஆணை வந்தது. பிறகு இருபது ஆண்டுகளுக்கும் மேல் சிறையில் கழிந்தன, பெரும்பகுதி நார்வேயின் ஒரு தீவுக் கோட்டையில். மன்னரின் கோபத்துக்கு மேலே முறையிட ஓர் இடம்கூட அவருக்கு இல்லை. அப்படி ஓரிடம் இருக்கக் கூடாது என்று சட்டம் எழுதியவரே அவர்தான்.

இன்னொருவர் ஸ்ட்ரூயென்சே. ஜெர்மானிய மருத்துவர். 1766-இல் பட்டமேறிய ஏழாம் கிறிஸ்தியான் மனநோயாளி. எல்லா அதிகாரமும் ஒருவரிடம் என்று சட்டம் சொல்கிறது. அந்த ஒருவரோ தன்னையே ஆள முடியாத நிலையில் இருக்கிறார். அப்போது அதிகாரம் யாருடையது? மன்னரின் அறைக்குள் போய்வர முடிந்தவருடையது. மருத்துவர் போய்வர முடிந்தவர். 1771-இல் தன் கையெழுத்தே மன்னரின் ஆணைக்குச் சமம் என்ற உரிமையையும் அவர் பெற்றுக்கொண்டார். ஏறக்குறைய ஒன்றரை ஆண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆணைகள். அவற்றில் பல நல்ல ஆணைகள். 1770 செப்டம்பரில் அச்சுத் தணிக்கையை முற்றாக நீக்கினார். விசாரணையில் சித்திரவதை செய்வதை ஒழித்தார். அந்த மனிதர்மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் யாரையும் கேட்காமல் வந்த நன்மை யாரையும் கேட்காமலே போயிற்று. 1772 ஜனவரியில் எதிரிகள் அதே மன்னரின் கையெழுத்தை வாங்கி அவரைக் கைது செய்தார்கள். மன்னரின் அதிகாரத்தை அபகரித்து அரசச் சட்டத்தை மீறினார் என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. ஏப்ரலில் கையையும் தலையையும் துண்டித்தார்கள். எழுத்துரிமையும் விரைவிலேயே சுருங்கியது.

நேர்மையாகச் சொன்னால், அந்த ஆட்சிமுறையில் நிலைத்த நன்மைகளும் நடந்தன. குடியானவர்களை மண்ணோடு பிணைத்திருந்த விதியை 1788-இல் நீக்கினார்கள். அந்த விதியைப் போட்டதும் 1733-இல் அதே அரசுதான். போட்டபோதும் குடியானவரைக் கேட்கவில்லை, நீக்கியபோதும் அவர் கையில் ஓட்டு இல்லை.

ஹாப்ஸ் எதிர்பார்த்தது ஒருவரின் உறுதியான கை. கிடைத்ததோ அந்தக் கையைப் பற்றியிழுக்கும் பல கைகள். கேள்வி கேட்கும் வாசலை அடைத்துவிட்டால் சண்டை ஓய்ந்துவிடாது, திரைக்குப் பின்னே போய்விடும். இடித்துரைக்கும் பெரியோர் இல்லாத மன்னன் பகைவர் இல்லாமலே கெடுவான் என்று வள்ளுவர் ‘பெரியாரைத் துணைக்கோடல்’ அதிகாரத்தில் எச்சரித்தது நினைவுக்கு வருகிறது. வள்ளுவர் அதை மன்னனுக்கான அறிவுரையாகச் சொன்னார். அறிவுரையை மன்னன் கேட்கலாம், கேட்காமலும் போகலாம். இடித்துரைப்பவருக்குப் பதவியும் பாதுகாப்பும் கொடுத்துச் சட்டத்துக்குள் உட்கார வைத்தது பிற்காலம் கண்ட பெரிய முன்னேற்றம்.

நம் கரையிலும் இதற்கு ஒரு சாட்சி உண்டு. தஞ்சை ரகுநாத நாயக்கரோடு 1620-இல் செய்த உடன்படிக்கையால் தரங்கம்பாடி டேனியருக்குக் கிடைத்தது. 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்கும்வரை பெரும்பாலும் அவர்களிடமே இருந்தது. நான்காம் ஃபிரெடரிக் மன்னரின் ஆணையோடு லூத்தரன் சமயப் பணியாளர்களான சீகன்பால்கும் புளுட்சௌவும் 1706 ஜூலையில் அங்கே இறங்கினார்கள். கடவுளுக்கு மட்டுமே பதில் சொல்லக் கடமைப்பட்ட மன்னரின் ஆணை கையில் இருந்தும், டேனியக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளுநர் ஹாஸியஸ் அவர்களை முதல் நாளிலிருந்தே வெறுத்தார். 1708-இன் கடைசியில் சீகன்பால்கைப் பிடித்து டேன்ஸ்போர்க் கோட்டையில் சுமார் நான்கு மாதம் அடைத்து வைத்தார். வரம்பற்ற அரசச் சட்டத்தை 1709-இல் கோபன்ஹேகனில் அச்சிட வைத்த மன்னரும் இதே நான்காம் ஃபிரெடரிக்தான். கப்பலில் கடிதம் போய்வர மாதக்கணக்கில் ஆகும் தூரத்தில் ஹாஸியஸ்தான் மன்னர். மேலே வரம்பற்ற அதிகாரம் இருந்தால் கீழே ஒவ்வொரு படியிலும் ஒரு குட்டி வரம்பற்றவர் முளைக்கிறார். கீழே இருப்பவருக்கு எட்டுவது அந்தக் குட்டி அதிகாரிதான், மன்னர் எட்டுவதேயில்லை.

இனி தத்துவத்துக்கு வருகிறேன். ஹான்ஸ் கெல்சன் என்ற சட்ட அறிஞரின் பெயரைச் சட்ட மாணவர்கள் அறிவார்கள். 1881-இல் பிராகில் பிறந்தவர். ஆஸ்திரியாவின் 1920 அரசியலமைப்பை உருவாக்கியதில் முக்கியப் பங்கு அவருக்கு உண்டு. 1933-இல் நாஜி ஆட்சி கொலோன் பல்கலைக்கழகத்திலிருந்து அவரை நீக்கியது. அமெரிக்காவில் அடைக்கலம் புகுந்த பின் 1948-இல் ஒரு கட்டுரை எழுதினார். முடிந்த முடிபான உண்மை உண்டு, அது எனக்குத் தெரியும் என்ற தத்துவ நம்பிக்கைக்கும் வரம்பற்ற ஆட்சிக்கும் உறவு உண்டு. உண்மை அவரவர் பார்வையைச் சார்ந்தது என்ற மனநிலைக்கும் ஜனநாயகத்துக்கும் உறவு உண்டு என்பது அவர் கருத்து. உண்மை ஒருவரிடம் இருக்கிறதென்றால் ஓட்டெடுப்பு எதற்கு, எதிர்க்கட்சி எதற்கு என்ற கேள்வி தானாக வந்துவிடும் அல்லவா? நாடிழந்து அலைந்தவர் சொன்னது இது. அதற்குரிய மரியாதையோடுதான் நான் மறுக்கிறேன்.

கெல்சன் சொன்னதில் பாதி உண்மை. ஹாப்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். நன்மை தீமை என்பவை அவரவர் விருப்பு வெறுப்பைச் சார்ந்தவை என்று கருதியவர் அவர். சட்டத்தை ஆக்குவது உண்மை அன்று, அதிகாரமே என்பது அவர் கட்சி. பொதுவான உண்மை எதுவும் கைக்கு எட்டாது என்பதால்தான் ஒருவர் சொல்லைச் சட்டமாக்க வேண்டியிருக்கிறது என்கிறார். உண்மையில் அவநம்பிக்கை கொண்டவரும் வரம்பற்ற ஆட்சிக்கு வந்து சேரலாம் என்பதற்கு அவரே சாட்சி.

எதிர்ப்பக்கத்தில் காந்தியடிகள் நிற்கிறார். சத்தியம் ஒன்றே, அது முழுமுதலானது என்று அவரைப்போல் உறுதியாக நம்பியவர்கள் குறைவு. கெல்சனின் கணக்குப்படி அவர் சர்வாதிகாரியாக ஆகியிருக்க வேண்டும். ஆனால் ஜாலியன்வாலா பாக் படுகொலைக்குப் பின் அமைந்த ஹண்டர் குழுவின் முன் அவர் சொன்ன விளக்கம் வேறு. முழு உண்மையை அறியும் ஆற்றல் மனிதனுக்கு இல்லை. ஆகவே பிறரைத் தண்டிக்கும் தகுதியும் அவனுக்கு இல்லை. சத்தியாகிரகத்தில் வன்முறைக்கு இடமில்லாமல் போனது அதனால்தான் என்றார். உண்மை முழுமையானது, என் அறிவு அரைகுறையானது. இந்த இரண்டையும் ஒருசேரப் பிடித்துக்கொண்டவரிடம் வரம்பற்ற அதிகாரம் வேர்விடாது. அந்தப் பணிவு போன இடத்தில், மதமோ இனமோ பொருளாதாரக் கொள்கையோ எதுவானாலும் சிம்மாசனம் ஏறிவிடும்.

ஆகவே உறுதியான நம்பிக்கைகளைக் கண்டு நான் அஞ்சவில்லை. சொல்லப்போனால் சில விஷயங்களில் முழு உறுதி வேண்டும் என்றே கேட்கிறேன். 1797-இல் இம்மானுவேல் கான்ட் ஒரு கட்டுரை எழுதினார். கொலைகாரன் கதவைத் தட்டி, உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டால்கூடப் பொய் சொல்லக் கூடாது என்றார். அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் எந்த லாபத்துக்காகவும் தாண்டக் கூடாத கோடு ஒன்று உண்டு என்று அவர் நினைத்தாரே, அதை இழந்துவிடக் கூடாது. அந்தக் கோடு யாருக்கு எதிராகப் போடப்பட்டிருக்கிறது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. வலியவனை எல்லாக் கட்டிலிருந்தும் அவிழ்த்துவிடும் முற்றான விதியும் உண்டு. வலியவனைக் கட்டிப்போடும் முற்றான விதியும் உண்டு. டென்மார்க்கின் அரசச் சட்டம் முதல் வகை.

இரண்டாவது வகைக்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 13 நீதிபதிகளில் 7 பேர், அரசியலமைப்பின் எந்தப் பகுதியையும் நாடாளுமன்றம் திருத்தலாம், ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்க முடியாது என்று தீர்ப்பளித்தார்கள். இங்கேயும் மாற்ற முடியாத ஒன்று அடித்தளத்தில் இருக்கிறது, 1665-இல் இருந்ததுபோல. அங்கே மாற்ற முடியாததாக வைத்தது ஆள்பவரின் அதிகாரத்தை. இங்கே மாற்ற முடியாததாக வைத்தது ஆள்பவரைக் கேள்வி கேட்கும் வழியை. இரண்டே ஆண்டில் அதற்குச் சோதனை வந்தது. பிரதமரின் தேர்தலை நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்று நெருக்கடி நிலைக் காலத்தில் 39-ஆவது திருத்தம் கொண்டுவந்தார்கள். அந்தப் பகுதியை உச்ச நீதிமன்றம் 1975 நவம்பரில் செல்லாததாக்கியது. நீதிமன்றங்கள் எப்போதும் இப்படி நின்றதில்லை. அடுத்த ஏப்ரலில் ஆட்கொணர்வு வழக்கில் சிறைவைக்கப்பட்டோரின் உரிமையைக் காக்க அதே நீதிமன்றம் தவறியது, நீதிபதி எச். ஆர். கன்னா ஒருவர் மட்டும் மாறுபட்டுத் தீர்ப்பெழுதினார். ஆனாலும் பற்றிக்கொள்ள ஒரு கயிறு இருந்தது. கிரிஃபன்ஃபெல்டுக்கு அதுகூட இல்லை.

கடைசியாக, முற்றான தடை ஒன்று உலகச் சட்டத்தில் இருக்கிறது. ஐக்கிய நாடுகள் 1984-இல் ஏற்ற சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கை. போர் என்றாலும் நெருக்கடி நிலை என்றாலும் சித்திரவதைக்கு நியாயம் சொல்ல முடியாது என்கிறது அது. மேலதிகாரியின் உத்தரவு என்று தப்பிக்கவும் வழி வைக்கவில்லை. உலகத்தில் பெரும்பாலான விதிகளுக்கு விலக்கு உண்டு, இதற்கு இல்லை. இருக்கவும் கூடாது என்று மனதார நம்புகிறேன். பூட்டிய அறைக்குள் ஒருவர் கட்டுண்டு கிடக்க, இன்னொருவர் தடியோடு நிற்கும்போது, அந்த அறைக்குள் நடப்பது வரம்பற்ற ஆட்சியேதான். 2020-இல் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தியா அந்த உடன்படிக்கையில் 1997-இல் கையெழுத்திட்டது. 2010-இல் மக்களவை ஒரு மசோதாவை நிறைவேற்றியது. மாநிலங்களவையில் அது தங்கிக் காலாவதியானது. சட்ட ஆணையம் 2017-இல் தன் 273-ஆவது அறிக்கையில் உடன்படிக்கையை உறுதிசெய்யுமாறு பரிந்துரைத்து, வரைவுச் சட்டமும் கொடுத்தது. இன்றுவரை உறுதிசெய்யவில்லை. மாணவ நண்பர்களே, உங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ஏன் இன்னும் செய்யவில்லை என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் மறுபடி எழுதுங்கள். கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது, பதில் சொல்லும் கடமை அவருக்கு இருக்கிறது.